மைக் தெரியட்டும், தம்பி!

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், வேலை முடிந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஜாமில் மாட்டி, இன்னும் பசியாறாமல் இந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். உலகத்திலேயே மோசமான படம் எது? எடுக்கத் தெரியாமல் எடுத்ததா, மனசில்லாமல் எடுத்ததா? மனசில்லாமல் எடுத்ததுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற அமெரிக்கப் படத்தை இங்கே இழுத்து வந்து நிறுத்தினார். கல்லறைக் கல் ஆடுகிறது என்றார். ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வருகிறது என்றார். நடிகர் பேலா லுகோசி 1956இல் இறந்துபோக, இயக்குநர் எட் வுட் தன் மனைவியின் முதுகெலும்பு வைத்தியரைக் கூப்பிட்டு, முகத்தை மேலங்கியால் மூடி நடக்கவிட்டார் என்றார். அத்தனையும் உண்மை. 1980இல், சினிமா பற்றி எழுதும் மெட்வெட் சகோதரர்கள் அதற்கு மகா மோசமான படம் என்று பட்டம் கொடுத்ததும் உண்மை.

தம்பி சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். அந்தப் படத்துக்குக் காசு கொடுத்தது ஒரு தேவாலயத்துக் கூட்டம். அவர்கள் கேட்டதற்காக எட் வுட் ஞானஸ்நானமே எடுத்துக்கொண்டார், நடிகர்களையும் எடுக்க வைத்தார். படம் எடுத்தே ஆகவேண்டும் என்ற வெறி அது. 1978இல், குடியிருந்த வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்ட சில நாளில் செத்துப்போனார். தம்பி சொன்ன பட்டம் வந்தபோது அதைக் கேட்க ஆள் உயிரோடு இல்லை. 1950களில் எடுத்த படத்தைப் பற்றி இன்றைக்கு இந்த ஊரில் பேசுகிறோமே, ஐயா, அதில் ஒரு மனுஷனின் மூச்சு இருக்கிறது.

அமெரிக்கா வரைக்கும் எதற்குப் போகவேண்டும்? பினாங்கில் பிறந்த மலாய் நடிகர், இயக்குநர் பி. ரம்லியைப் பாருங்கள். 1964இல் சிங்கப்பூரை விட்டு இங்கே வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வசதி குறைவு. ஊரெல்லாம் கலருக்குப் போனபோது அவர் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்துக்கொண்டிருந்தார். ரம்லி கதை முடிந்தது, படம் மோசம் என்று எழுதினார்கள். 1973இல் 44 வயதில் போய்ச் சேர்ந்தார். டான்ஸ்ரீ என்ற கௌரவப் பட்டம் 1990இல்தான் வந்தது. இன்றைக்கு அதே படங்களைத் தொலைக்காட்சியில் போட்டால் மூன்று இனமும் உட்கார்ந்து பார்க்கிறது.

சரி, மனசில்லாத படம் எப்படி இருக்கும்? பெயர் வேண்டாம். பெரிய நடிகர், பெரிய செலவு. யூனிட்டே விமானம் ஏறி நம்ம ஊருக்கு வரும். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு பாட்டு. மலேசியத் தமிழன் என்று ஒருவன் வருவான். அவன் கையில் பாராங் கத்தி, வாயில் கெட்ட வார்த்தை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவன் பிள்ளை ஒருத்தன்கூட அவர்கள் கண்ணில் படமாட்டான். கேமரா ஆடாது, மைக் தெரியாது, எல்லாம் பளபளப்பு. நம்ம பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள், ஐயா. அதைவிட மோசமான படம் உண்டா?

இதற்கு மேலும் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் தம்பி கடைசியில் ஒரு குத்து விட்டார். 'உங்க உள்ளூர்ப் படத்துல நடிகரைவிட மைக்குதான் அதிகமா நடிக்குது' என்றார். நீங்களும் சிரித்தீர்கள். அதனால் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அந்த மைக்கைப் பற்றியே பேசுகிறேன்.

2004ஆம் ஆண்டு. அப்போது நாங்கள் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கோலாலம்பூரிலிருந்து ஒரு இளைஞர் கூட்டம் படம் எடுக்க வந்தது. இயக்குநருக்கு இருபத்தாறு வயது இருக்கும். அவருடைய அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. பதினெட்டு பேருக்கும் எங்கள் லயத்து வீட்டில்தான் சாப்பாடு. அம்மா மூன்று நாளும் நெத்திலி சம்பல் கிண்டிக் கிண்டிக் கை சிவந்துபோனார்.

லோரிக்காரனாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. 'ஐயா, நீங்களே சொல்லிடுங்க' என்றார்கள் அப்பாவிடம். ஒரே வரி. 'முதலாளி, ஏத்தியாச்சு. கிளம்பவா?' அவ்வளவுதான்.

முதல் தடவை அப்பா கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை முதலாளியாக நடித்தவரை விட்டுவிட்டு, 'டைரக்டர் சார், கிளம்பவா?' என்று கேட்டார். லயமே சிரித்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்தது, பக்கத்து வீட்டுக் கோழி குறுக்கே ஓடியது. கோழியைப் பிடிக்க நாங்கள் ஐந்து பேர் ஓடினோம், கேமராக்காரரும் ஓடினார். நான்காவது தடவை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். அப்பா மழையை மீறிக் கத்த, மைக் பிடித்திருந்த பையன் குரலை எட்டிப் பிடிக்கக் கம்பை இறக்கினான். இறக்கினவன் கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டான். அப்பா தலைக்கு மேலே கறுப்பாக, ரோமம் போர்த்திக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரி அது தெரிகிறது. வெளிச்சம் போய்விட்டது, ஐந்தாவது தடவை எடுக்க முடியவில்லை. அதையே படத்தில் வைத்துவிட்டார்கள்.

தியேட்டருக்குப் போனோம். மொத்தம் பதினான்கு பேர், அதில் ஒன்பது பேர் எங்கள் குடும்பம். பூனைக்குட்டி இறங்கியதும் மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'என் குரல்தானா அது?' என்று கேட்டார். மூன்று நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

தம்பி, உங்கள் கணக்குப்படி அது மோசமான படம். கதை பாதியில் நிற்கிறது, ஒலி இரைகிறது, மைக் தெரிகிறது. ஒத்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. ஒரே நிமிடம்.

பெரிய படமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? மழைச் சத்தம் கேட்கிறது என்று டப்பிங் தியேட்டருக்குக் கொண்டுபோய், நல்ல குரல் உள்ள ஒருவரைப் பேச வைத்திருப்பார்கள். இவர்களிடம் அதற்குக் காசு இல்லை. மழையோடு, இரைச்சலோடு, அப்பாவின் குரலையே விட்டுவிட்டார்கள்.

அப்பா 2011இல் தவறிப்போனார். திருமணப் படம் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, லோரிக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ இருக்கிறது. குரல் வேறு எங்கேயும் இல்லை. இந்த உலகத்தில் அவர் குரல் இருக்கும் ஒரே இடம் அந்த விசிடிதான். நீங்கள் சிரித்தீர்களே, அந்த மைக் எட்டிப் பிடித்த குரல்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, அப்பாவுக்குப் படையல் போட்ட பிறகு, அம்மா அந்த விசிடித் தட்டைப் போடச் சொல்வார். நடுவில் எல்லாம் கீறல். எங்கே ஓட்டவேண்டும் என்று வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழை கேட்கும். பூனைக்குட்டி இறங்கும். 'முதலாளி, ஏத்தியாச்சு. கிளம்பவா?' என்று அப்பா கேட்பார்.

படத்தில் முதலாளி தலையை மட்டும்தான் ஆட்டுவார். பதில் சொல்வது அம்மா. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து, 'போயிட்டு வாங்க' என்பார்.

வணக்கம்.