ஆட்சி கலைந்த மறுநாள் கோப்பு எங்கே போகும்?

(திரையில்: கோட்டை வாசல், நாமக்கல் கவிஞர் மாளிகை)

வணக்கம். 1976 ஜனவரி 31, சனிக்கிழமை. தமிழ்நாட்டில் திமுக அரசு கலைக்கப்பட்டு, அரசமைப்பின் 356ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. நெருக்கடி நிலை அமலுக்கு வந்து அப்போதே ஏழு மாதம். அமைச்சர்கள் போய்விட்டார்கள். கோட்டையிலுள்ள தலைமைச் செயலகத்தின் பிரிவு அலுவலர் மட்டும் திங்கட்கிழமை காலை அதே நாற்காலிக்கு வந்தாக வேண்டும். அவர் மேசையில் என்ன மாறும்?

(திரையில்: ஓர் அரசாணையின் கடைசிப் பக்கம்)

அரசாணையின் அடிப்பகுதியைப் பாருங்கள். "ஆளுநரின் ஆணைப்படி" என்று ஒரு வரி, கீழே துறைச் செயலாளர் பெயர். அதற்கும் கீழே "ஆணைப்படி அனுப்பப்படுகிறது", பிரிவு அலுவலர் கையெழுத்து. அமைச்சரவை இருக்கும்போதும் 166ஆவது பிரிவின்படி ஆணை ஆளுநர் பெயரில்தான் போகும். அதனால் இந்த வாசகம் மாறாது. முடிவெடுக்கும் கை மாறும். ஒப்புதலுக்காக அமைச்சருக்குப் போன சுற்றோட்டக் கோப்பு இனி ஆளுநரின் ஆலோசகருக்குப் போகும். பழைய அரசாணைகள் ரத்து செய்யப்படும் வரை செல்லும்.

சம்பளம் நிற்காது. ஆனால் ஏப்ரல் 1 முதல் செலவு செய்ய மாநில பட்ஜெட்டுக்கு ஒப்புதல் வேண்டும். சட்டப்பேரவை இல்லாததால் அதை நாடாளுமன்றம் தரவேண்டும்.

சிக்கல் வேறு இடத்தில். அமைச்சர் அறையிலும் வீட்டிலும் தங்கிவிட்ட கோப்புகள்! கோப்புகளை எண்போட்டு வரிசையாகப் பதிந்து வைக்கும் தன்பதிவேட்டைத் திறந்து, எந்தக் கோப்பு எந்தத் தேதியில் யாரிடம் போனது என்று பட்டியல் எடுத்து, கையெழுத்து வாங்கித் திரும்பப் பெற வேண்டும். முதல் இரண்டு நாளில் இதைச் செய்யாவிட்டால், பிறகு "கோப்பு காணவில்லை" என்ற பழி உதவிப் பிரிவு அலுவலர் தலையில்தான் விழும்.

(திரையில்: இருட்டில் ஒரு அச்சகம்)

இதைவிட ஆபத்தானது வாய்மொழி உத்தரவு. 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பல செய்தித்தாள் அச்சகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின் நிறுவன அதிகாரிக்கு அந்த உத்தரவு வாய்ச்சொல்லாகவே வந்ததை, பின்னால் விசாரித்த ஷா ஆணையம் பதிவு செய்தது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தின் கதையும் இதேதான். குடியரசுத் தலைவர் 25ஆம் தேதி இரவே கையெழுத்திட்டார். அமைச்சரவை மறுநாள் காலையில்தான் கூடி ஒப்புக்கொண்டது. அதனால்தான் 1978இல் 44ஆவது திருத்தம், அமைச்சரவை முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டால்தான் பிரகடனம் என்று 352ஆவது பிரிவில் சேர்த்தது. நாட்டின் தலைவருக்கே எழுத்து வேண்டுமென்றால், கோட்டையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டாமா?

தொலைபேசியில் உத்தரவு வந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போனை வைத்ததும் குறிப்புக் கோப்பில், அதாவது அலுவலகக் குறிப்புகள் எழுதும் பகுதியில், எழுதுங்கள்: தேதி, மணி, பேசியவர் பதவி, அவர் சொன்ன சொற்கள். "மேலிடம் கூறியபடி" என்று எழுதாதீர்கள்; அந்த மேலிடம் யார் என்று பிறகு ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சுருக்கொப்பத்தின் கீழே தேதி கட்டாயம். பலர் சுருக்கொப்பத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு அதே நாளில், உத்தரவை எழுத்தில் உறுதிசெய்யக் கேட்டு மேலதிகாரிக்குக் கோப்பை அனுப்புங்கள். ஐஏஎஸ் அதிகாரிகளுக்கு 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 3ஆவது விதியே இதைச் சொல்கிறது: உறுதிசெய்யக் கேட்பது கீழுள்ளவர் பொறுப்பு, உறுதிசெய்வது மேலுள்ளவர் கடமை. 2013 அக்டோபர் 31இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம், வாய்மொழி உத்தரவைப் பதிவு செய்யாமல் செயல்படக் கூடாது என்றது.

முன்தேதியிட்டு எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தன்பதிவேட்டில் எண்கள் வரிசையாக ஓடுகின்றன. 14ஆம் தேதி எண்ணுக்கும் 15ஆம் தேதி எண்ணுக்கும் நடுவே புதிதாக ஒன்றை நுழைக்க இடமே இருக்காது. நுழைத்தால் மை, எழுத்து, வரிசை மூன்றுமே காட்டிக்கொடுக்கும்.

311ஆவது பிரிவு இருக்கிறதே, விசாரணை இல்லாமல் நீக்க முடியாதே என்று தைரியமாக இருக்கிறீர்களா? அதிலேயே விலக்கு உண்டு. அரசின் பாதுகாப்பு கருதி விசாரணை உகந்ததல்ல என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதினால், விசாரணையின்றி நீக்கலாம். அப்போது நியாயம் கேட்க உங்கள் கையில் இருப்பது அந்தக் குறிப்பு மட்டும்தான்.

மேலதிகாரி உறுதிசெய்யவில்லையா? ஒரு வாரத்தில் நினைவூட்டு அனுப்புங்கள். அதற்கும் எண், தேதி போட்டு, நகலை நடப்புக் கோப்பில், அதாவது கடிதங்கள் சேரும் பகுதியில், வையுங்கள்.