வாசலைத் திறவுங்கள், பாட்டைத் தொடாதீர்கள்

நடுவர் ஐயா அவர்களே, வணக்கம். கதையைப் பாட்டாகவே நடிக்கும் மேற்கத்திய ஓபராவும் செவ்வியல் பாட்டும் எல்லாரிடமும் போய்ச் சேர, எளிமையாக்க வேண்டியது பாட்டையா, அரங்கத்தையா? அரங்கத்தைத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன், "மூன்று மணி நேரம் எவன் உட்காருவான்? நல்ல பாட்டாக நாலை எடு, கையில் மைக்கைக் கொடு, அரை மணியில் முடி" என்றார். நல்ல கைதட்டல். ஆனால் எட்டு நிமிடம் கொடுத்த இடத்தில் அவர் பேசியது பதினொரு நிமிடம், ஐயா. தன் பேச்சைச் சுருக்க மனம் வராதவர் இத்தாலிய ஓபரா மேதை புச்சீனியைச் சுருக்கச் சொல்கிறார்!

அந்தப் புச்சீனியின் 'லா போயெம்' ஓபராவை முதலில் நான் போனில்தான் பார்த்தேன். ஒருவர் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உச்சஸ்தாயியில் முழங்குகிறார். எதற்கு இந்தச் சத்தம் என்று அணைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் வசனவரியோடு பார்த்தேன். அவன் கணப்புக்கு விறகு வாங்கக் காசில்லாத கவிஞன். அணைந்த மெழுகுவத்திக்கு நெருப்புக் கேட்டு வந்த பக்கத்து அறைப் பெண் சாவியைத் தொலைத்துவிடுகிறாள். இருட்டில் இருவரும் தரையைத் தடவித் தேடுகிறார்கள். சாவி அவன் கையில் கிடைக்கிறது. சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டு, கிடைக்கவில்லை என்கிறான், திருடன்! கைகள் உரசுகின்றன. உன் கை இப்படிச் சில்லிட்டிருக்கிறதே என்றுதான் அந்தப் பாட்டே தொடங்குகிறது. இரண்டு முறையும் கேட்டது அதே பாட்டு, அதே ஸ்தாயி. சேர்ந்தது கீழே ஒரு வரி எழுத்து மட்டும்.

அந்த வரியை அரங்கத்துக்குள் கொண்டுவந்தது டொராண்டோ. 1983 ஜனவரியில் கனடா ஓபரா கம்பெனி 'எலெக்ட்ரா' என்ற ஓபராவை நடத்தியபோது, மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பை ஓட விட்டார்கள். ஜனங்கள் பாடகரை விட்டுவிட்டுப் பலகையையே பார்ப்பார்கள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா 1995இல்தான் இறங்கி வந்தது. அதுவும் முன்னிருக்கையின் முதுகில் சின்னத் திரை, வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம்.

நம்மூர்த் தமிழிசை இயக்கம் கேட்டதும் இதைத்தானே? 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியவர்கள், தோடி ராகத்தைக் கொஞ்சம் லேசாக்கிப் பாடுங்கள் என்றா கேட்டார்கள்? எங்களுக்குப் புரிகிற மொழியிலும் பாடுங்கள் என்றார்கள்.

மைக் விஷயத்துக்கு வருகிறேன். ஓபரா அரங்கில் பாடகருக்கு வழக்கமாக மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவை மீறி ஒரு தொண்டை எப்படிக் கடைசி வரிசைக்குக் கேட்கிறது? வாத்தியங்களின் பலம் 500 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 500 அதிர்வு, பக்கம் அதிகம்; அதற்கு வெகு மேலே குறைந்துவிடும். பயிற்சி பெற்ற குரல், குறிப்பாக ஆண் குரல், 3,000 ஹெர்ட்ஸ் அருகே தன் பலத்தைத் திரட்டி அந்தச் சந்தில் நுழைந்து வருகிறது. அதற்குத்தான் அத்தனை வருடப் பயிற்சி. அந்தக் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, இதுதான் ஓபரா என்றால் எப்படி?

சரி, மூன்று டெனர்கள், அதாவது பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் என்ற உச்சஸ்தாயி ஆண் பாடகர்கள், மைக்கில்தானே பாடினார்கள் என்று அண்ணன் கேட்டார். பாடினார்கள். 1990 ஜூலை 7, ரோமில், உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முந்தின நாள், திறந்தவெளியில். கடைசியில் ஒரு கதம்பமும் பாடினார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஊரே முணுமுணுத்த புச்சீனியின் 'நெஸ்ஸுன் தோர்மா' பாட்டின் சுருதியைக் குறைத்தார்களா, மெட்டை மாற்றினார்களா? கால்பந்து ரசிகனின் வீட்டு டிவிக்குள் அதைக் கொண்டுபோனார்கள். அண்ணே, அது எங்கள் கட்சிச் சாட்சி.

அவர் கண்ணில் படாத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். 2006 டிசம்பர் 30இல் மெட்ரோபாலிடன் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பிய முதல் ஓபரா, மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்', சுருக்கப்பட்ட ஆங்கில வடிவம்தான். அடுத்த மாதமே முழுநீள இத்தாலிய ஓபரா போனது. அதற்கும் ஜனங்கள் வந்தார்கள்.

இன்னொரு பூட்டு, டிக்கெட் விலை. வியன்னா அரசு ஓபராவில் நின்று பார்ப்பதற்கென்றே நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு, மலிவான விலைக்கு. நாம் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதேபோல அங்கே கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டி இடம் பிடிப்பது பழைய வழக்கம். இடைவேளையை விட்டால் வாக்னரின் நாலு மணி நேர ஓபராவையும் நின்றபடிதான் கேட்கிறார்கள். மூன்று மணி நேரம் எவன் உட்காருவான் என்று கேட்டீர்களே அண்ணே, அவர்கள் உட்காரவே இல்லை. நன்றி, வணக்கம்.