போட்டதே தெரியாத நிறத்துக்கு எதற்குக் காசு?

நடுவர் ஐயாவுக்கும், பொங்கல் விழாக் குழுவுக்கும், இரு அணியினருக்கும், நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் அண்ணன்களுக்கும் வணக்கம். மீதி வணக்கத்தை எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள்.

தலைப்பு இதுதான்: கண்ணுக்கும் நகத்துக்கும் அழகு எடுப்பான நிறமா, இயல்பான நிறமா? நான் இயல்பு அணி. சந்தனம், பிஸ்கட், காபி, வெளிர் ரோஸ், சாம்பல் கலந்த பழுப்பு, எல்லாம் என் கட்சி. எதிரணிச் சகோதரர் ரத்தச் சிவப்பு, மயில் நீலம், கிளிப் பச்சை என்று ஓர் ஊர்வலமே நடத்திவிட்டுப் போனார். போகட்டும். போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள், அதற்குத்தான் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "இருநூறு ரூபாய் கொடுத்து நெயில் பாலிஷ் வாங்கி, ரெண்டு கோட் அடிச்சு, காயுற வரைக்கும் ஊதிக்கிட்டே உக்காந்து, கடைசியில பார்த்தா ஒண்ணுமே போடாத மாதிரி இருக்கு. அதுக்கு ஒண்ணும் போடாமலே இருந்தா இருநூறு ரூபாய் மிச்சமாச்சே!"

சகோதரரே, நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். போன பொங்கலுக்கு இதே மேடையில் உங்களைப் பார்த்தபோது காதோரம் நல்ல வெள்ளையாக இருந்ததே, இந்த வருஷம் எப்படி இவ்வளவு கறுப்பு?

தட்டாதீர்கள், தட்டாதீர்கள், என் நேரத்தில் கழிகிறது.

டை அடித்த தலை எப்படி இருக்க வேண்டும்? டை அடிக்காத மாதிரி இருக்க வேண்டும். பாக்கெட்டைக் கிழித்து, கிண்ணத்தில் குழைத்து, நெற்றியில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவி, ஓட்டை பனியன் ஒன்றை மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் யார் கண்ணிலும் படாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து, இத்தனை பாடும் எதற்கு? ஒன்றுமே போடாத மாதிரி தெரிவதற்கு! எடுப்பான நிறம்தான் அழகு என்றால் அந்தக் கிளிப் பச்சையைத் தலையில் அடித்துக்கொண்டு வந்திருக்கலாமே ஐயா? ஏன் வரவில்லை? உங்கள் தலைக்கு ஒரு நியாயம், எங்கள் நகத்துக்கு ஒரு நியாயமா?

சிரிக்கிறார். நல்ல மனுஷன். ஆனால் விட மாட்டேன், இன்னொரு ஆளும் இருக்கிறார். என் வீட்டுக்காரர். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார்.

நாத்தனார் மகள் வளைகாப்பு. அரக்குப் புடவை எடுத்தாகிவிட்டது. கண்ணுக்கும் நகத்துக்கும் நிறம் பார்க்க ஒரு ஃபேன்ஸி ஸ்டோருக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். ஐந்து விரலில் ஐந்து பாட்டில். கையை நீட்டி, "எதுங்க நல்லா இருக்கு?" என்றேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு அக்கறையாகப் பிடித்ததில்லை. அப்புறம் சொன்னார்: "அஞ்சும் ஒண்ணுதானே?" கடைப் பெண் சிரிப்பை அடக்க கவுன்டருக்குக் கீழே குனிந்தவள் நிமிரவே இல்லை.

அஞ்சும் ஒண்ணா? அவரை வாசலுக்கு, வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடையின் வெள்ளை லைட்டில் ரோஸாக இருந்த ஆள்காட்டி விரல் வெயிலில் மஞ்சள் அடித்தது. நடுவிரல் ஒரு கோட் மட்டும் அடித்ததில் திட்டுத்திட்டாக இருந்தது. முதல் கோட் காய்ந்து இரண்டாவது விழுந்த பிறகுதான் அதன் நிஜ நிறம் தெரியும். மோதிர விரல் பாட்டிலில் காபி, நகத்தில் வெறும் பால். கண்ணாடிக்குள் கெட்டியாக நிற்கும்போது ஆழமாகத் தெரிகிற நிறம், மெல்லிசாக இழுத்தால் வெளுத்துவிடும். சுண்டுவிரல்தான் பரிதாபம், பிணத்தின் விரல் மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது.

ஏன் தெரியுமா? கண்ணுக்கு என்றாலும் நகத்துக்கு என்றாலும் இந்த மண் நிறங்களுக்கான சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று வகை இரும்பு ஆக்ஸைடு, வெளுக்க வைக்க டைட்டானியம் டையாக்ஸைடு. அந்த வெள்ளை கூடினால் நம் மாநிறத்தில் சாம்பலடிக்கும். வெளுத்த தோலுக்குக் கலக்கிய நிறத்தின் மேல் 'ஸ்கின் கலர்' என்று லேபிள் ஒட்டினால் அது என் ஸ்கின் ஆகிவிடுமா? அதனால்தான் போட்டுப் பார்க்கிறோம், ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சிவப்பு யார் விரலில் விழுந்தாலும் சிவப்பு. இந்த நிறம்தான் ஆளைப் பார்த்து நடந்துகொள்ளும்.

இனி கண்ணுக்கு வருவோம். ஐஷேடோவை மணிக்கட்டில் இழுத்துப் பார்த்தால் போதாது. இமைத்தோல் மணிக்கட்டைவிடக் கறுப்பு. கையில் மினுங்கிய பிஸ்கட் நிறம் இமையில் காணாமல் போய்விடும். ஆகவே நான் இமையிலேயே பார்த்தேன். வலது கண்ணில் மினுக்கு இல்லாத காபி, இடது கண்ணில் ஊதா கலந்த பழுப்பு. வலது கண் ஜம்மென்று இருந்தது. இடது கண்ணில் ஓரத்தைப் பரத்திவிடக் கடைப் பெண்ணிடம் பிரஷ் இல்லை. அப்படியே வெளியே வந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆட்டோக்காரர் பார்த்தார். என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி என் கண்ணைப் பார்த்தார். "அக்கா, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு விடவா?" என்றார்!

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பட்ட அவமானம் இருக்கட்டும். அடுத்த மாதம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். இதே மனுஷன். ஐவரி, கிரீம், ஆஃப் ஒயிட், சந்தனம், பிஸ்கட் என்று ஷேடு கார்டைச் சுவரில் ஒட்டி வைத்துக் காலையில் ஒரு தரம் பார்க்கிறார், விளக்குப் போட்டு ஒரு தரம் பார்க்கிறார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். "இது கொஞ்சம் மஞ்சள் அடிக்குது இல்ல?" நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "அஞ்சும் ஒண்ணுதானேங்க?" என்றேன். என் நகம் பத்தடிச் சுவராக இருந்திருந்தால் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஒன்றுமே போடாத மாதிரி என்று கேலி பேசினீர்களே, இங்கிலாந்து ராணி எலிசபெத் என்ன போட்டார்? 'எஸ்ஸி' என்ற நகப்பூச்சு நிறுவனத்தின் 'பாலே ஸ்லிப்பர்ஸ்' என்ற வெளிர் ரோஸ். 1989-இல் ராணிக்கு முடி அலங்காரம் செய்பவர் அதை அனுப்பச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். கிரீடத்தில் அத்தனை வைரம், நகத்தில் போட்டதே தெரியாத நிறம்.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். ராணியை விட்டுவிட்டு என் அம்மாவிடம் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அப்பா போன பிறகு அம்மா சிவப்புப் பொட்டை எடுத்துவிட்டார். பூ இல்லை, கண்ணாடி வளையல் இல்லை. வீட்டில் யாரும் சொல்லவில்லை. தெரு சொல்லிற்று, வாயைத் திறக்காமலே சொல்லிற்று. என் தம்பி கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி நான் நகம் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கையைக் குடும்மா" என்றேன். "எனக்கெதுக்குடி க்யூடெக்ஸு? பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க?" நகப்பூச்சு எதுவானாலும் அவருக்கு க்யூடெக்ஸ்தான். அந்தக் கையைப் பாருங்கள்: நகமெல்லாம் வரி விழுந்து, ஓரத்தில் போகாத மஞ்சள் கறை, கட்டை விரலில் அரிவாள்மணை கிழித்த கோடுகள். இருந்த பாட்டிலை எல்லாம் ஒவ்வொன்றாக அவர் விரலோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அவர் தோலோடு தோலாக ஒன்று பொருந்தியது. ஒரு விரலில் மட்டும் போட்டுக் காட்டினேன்.

"தெரியுதா?"

"தெரியல."

"யாருக்கும் தெரியாதும்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் இன்னொரு கையையும் நீட்டினார்.

சகோதரரே, இருநூறு ரூபாய்க்குக் கணக்குக் கேட்டீர்களே, அந்தத் தெரியாமைக்குத்தான் ஐயா நான் காசு கொடுத்தேன்! "சிவப்பே போட வேண்டியதுதானே, யார் தடுத்தது?" என்று அடுத்து வருபவர் கேட்பார். போடத்தான் வேண்டும், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் நீங்கள் மைக்கில் பேசிவிட்டுச் சால்வையோடு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். மறுநாள் காலையில் அந்தத் தெருவில் வாசல் தெளிக்க வருவது அம்மாதான். கல்யாண மண்டப வாசலில் அவர் அந்தப் பத்து விரலோடு எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றார். ஒருத்தர் கவனிக்கவில்லை.

போன வாரம் போன் பண்ணினார். சாப்பிட்டாயா, மழை பெய்ததா எல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "அந்த பாட்டில் தீரப் போகுதுடி. அடுத்தது வாங்கினா இதையே வாங்காத, வெயில்ல பார்த்தா லேசா மஞ்சள் அடிக்குது. கொஞ்சம் ரோஸ் பக்கமா பாரு."

ஐயா, தீர்ப்பைச் சீக்கிரம் சொல்லுங்கள், கடை ஒன்பது மணிக்கு மூடிவிடுவார்கள். வணக்கம்.