ஆச்சி விழித்திருந்தாள்

நடுவர் அவர்களே, மட்டக்களப்பு மக்களே, வணக்கம். சிறுவர் கடத்தலைத் தடுப்பது அரசின் சட்டமா, ஊரின் விழிப்பா என்பது கேள்வி. நான் சட்டத்தின் பக்கம். நேரத்தை வீணாக்கமாட்டேன், அந்த வேலையை எதிரணித் தலைவர் முடித்துவிட்டார்.

அவர் சொன்னார்: “சட்டம் கொழும்பில் அலுமாரிக்குள் தூங்குகிறது, ஊரில் ஆச்சி திண்ணையில் விழித்திருக்கிறாள். சிறுவர்களுக்கு உதவி கேட்கும் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் 1929ஆம் ஆண்டிலிருந்துதான் பதில் வரும்.” நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பகிடி.

அந்த ஆச்சியையே எடுப்போம். மண்முனைப் பாலத்துக்கு அப்பால், படுவான்கரையில் ஓர் ஊர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தூரத்து மாமி முறையான ஒருத்தி வந்தாள். கொழும்பில் நல்ல வீடாம், பள்ளிக்கு அனுப்புவார்களாம், காதுக்குத் தோடு போடுவார்களாம். ஆச்சி திண்ணையில்தான் இருந்தாள். விழித்துத்தான் இருந்தாள். என்ன செய்தாள்? திருநீறு பூசினாள்! கடைக்காரர் காசு வாங்காமல் இரண்டு பணிஸ் கொடுத்தார். பெடியன்கள் பஸ்ஸை மறித்தார்கள். தடுக்கவா? இல்லை ஐயா, பிள்ளை ஆறுதலாக ஏறட்டும் என்று! ஒருவர் சன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தார். தலைவரே, உங்கள் ஊரின் விழிப்பு பிள்ளையைச் சன்னலோரத்தில் இருத்தி அனுப்பிவைத்தது!

எல்லோரும் கை காட்டினார்கள். அதில் ஒரு கை என்னுடையது.

கொழும்பில் பள்ளி இல்லை, நோனாவுக்கு, அதுதான் வீட்டு எசமானிக்கு, வேலைதான். மீட்டது யார்? கொழும்பில் அடுத்த வீட்டு அம்மா ஒருவர் அந்த நான்கு இலக்கங்களை அழுத்தினார். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. பதில் அன்றைக்கே வந்தது. பொலிஸ் போனது, பிறகு நன்னடத்தை உத்தியோகத்தர் போனார். “பிள்ளை விரும்பித்தானே வந்தாள்” என்றார்களாம் அந்த வீட்டுக்காரர். 2006இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவையிடம் அந்தச் சாட்டு எடுபடாது. சுரண்டுவதற்காகப் பிள்ளையைக் கொண்டுபோனால், அவள் சம்மதித்தாலும் குற்றம். சட்டமும் சோம்பேறிதான், ஒத்துக்கொள்கிறேன்: வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக்க 2021 வரை எடுத்தது. ஆனால் அது யாருக்கும் திருநீறு பூசி அனுப்பவில்லை.

மணி அடிக்கிறீர்கள். இருக்கட்டும் நடுவர் அவர்களே, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை வீடு வந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காதில் தோடு இல்லை. ஊர் கூடிப் பார்த்தது. ஆச்சி மட்டும் பக்கத்தில் வரவில்லை. மறுநாள் விடிய நான்கு மணிக்கு முற்றத்தில் சத்தம். தாய் எழுந்து போனாள். இருட்டில் பிள்ளை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். தாய் விளக்குமாற்றைப் பறித்தாள். பிள்ளை பயந்து, இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு, “இதோ முடித்துவிடுகிறேன் நோனா” என்றாள்.

பெற்ற தாயைப் பார்த்து, நடுவர் அவர்களே. தன் சொந்த முற்றத்தில்.