மலையில் ஏறிய கடற்கரைக்கு வயது பார்ப்பது எப்படி?

[காட்சி: பைன் மரங்களுக்கு நடுவே, மலைச்சரிவில் கூழாங்கற்களின் நீண்ட வரிசை]

வணக்கம். இது சுவீடன் நாட்டின் ‘உயர் கரை’. அலை உருட்டி மழுங்கிய கற்கள்தான் இவை, ஆனால் பக்கத்தில் கடல் இல்லை. இங்குள்ள மிகப் பழைய கரை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 285 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம்முடைய மட்டக்களப்புக் குடும்பிமலையில் பாதி ஏறினால் வருகிற உயரம். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

கடல் அவ்வளவு உயரத்துக்கு ஏறவில்லை. நிலம்தான் எழும்பியது. கடைசிப் பனியுகத்தில் அந்தப் பகுதியின் மேல் 3 கிலோமீற்றர் வரை தடிப்பான பனி கிடந்தது. அந்தப் பாரத்தில் தரை அமிழ்ந்தது; ஆழத்தில் மிக மெதுவாக நகரக்கூடிய சூடான பாறை பக்கவாட்டில் விலகியது. பனி உருகிப் பாரம் போனதும் அந்தப் பாறை திரும்பி வரத் தொடங்கியது. இன்னும் வந்து முடியவில்லை. இன்றைக்கும் அங்கே ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீற்றர் நிலம் உயர்கிறது.

[காட்சி: கடற்பாறையில் செதுக்கிய கோடு]

இதை முதலில் அளக்க முயன்றவர்களில் ஒருவர் அண்டர்ஸ் செல்சியஸ். ஆமாம், காய்ச்சல் பார்க்கும்போது சொல்கிறோமே, அந்தச் செல்சியஸ்தான். 1731இல் கடலோரப் பாறை ஒன்றில் நீர்மட்டத்தைக் கோடாகச் செதுக்கி வைத்தார். கடல் வற்றுகிறது என்று அவர் நினைத்தார். காரணம் பிழை, ஆனால் அடையாளம் போட்டுவிட்டுக் காத்திருந்து அளப்பது என்ற அவருடைய வழி மிகச் சரி.

சரி, இப்போது வயதுக்கு வருவோம். 285 மீற்றரை 8 மில்லிமீற்றரால் வகுத்தால் போதாதா? வகுத்துப் பாருங்கள்: 35,000 ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆனால் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த இடமே பனிக்கு அடியில் இருந்தது. பனிக்கு அடியில் அலை அடிக்காது! பாரம் விலகிய புதிதில் நிலம் இன்றைவிடப் பல மடங்கு வேகமாக எழும்பியது, பிறகு வேகம் தணிந்தது. அதே காலத்தில் உருகிய நீரால் கடலும் ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு கரைக்கும் தனித்தனியாக வயது பார்த்தே ஆக வேண்டும்.

[காட்சி: மட்டக்களப்பு வாவி, முகத்துவாரம்]

இதில் எனக்கு மிகவும் பிடித்த முறை, வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். முகத்துவாரத்தை மணல் அடைத்தால் வாவியின் உப்பு குறையும்; திறந்தால் கடல்நீர் உள்ளே வரும். நோர்வேயிலும் ஸ்கொட்லாந்திலும் இந்தக் கதவு ஒரே ஒரு முறை மூடி, அப்படியே நின்றுவிட்ட குளங்கள் உண்டு. முன்பு கடலின் கைகளாக இருந்தவை அவை. நிலம் உயர உயர, வாயிலில் இருந்த பாறைத் திட்டு நீருக்கு மேலே வந்தது, கடல் வெளியே நின்றுவிட்டது, மழைநீர் நிரம்பி நன்னீர்க் குளமாகிவிட்டது.

குளத்தின் அடிச்சேற்றில் குழாயை இறக்கி, அடுக்குக் குலையாமல் எடுக்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கீழே உப்புநீரில் வாழும் டயற்றம் பாசிகள், மேலே நன்னீரில் வாழும் டயற்றங்கள். இனம் மாறும் அந்த மெல்லிய கோடுதான் கடல் விடைபெற்ற காலம். அங்கே சிக்கிய இலை, விதை ஏதாவது கிடைத்தால் ரேடியோ காபன் முறையில் வயது பார்க்கலாம். உயரமாக எடுக்க வேண்டியது குளத்து நீர்மட்டத்தை அல்ல, அந்தப் பாறைத் திட்டின் உயரத்தை. வெவ்வேறு உயரங்களில் உள்ள குளங்களை இப்படிப் பார்த்து, உயரத்தையும் வயதையும் வரைபடத்தில் போட்டால், நிலம் எழும்பிய கதை ஒரு வளைகோடாக வந்துவிடும்.

ரேடியோ காபன் 1940களின் இறுதியில் வில்லார்ட் லிபி உருவாக்கிய முறை. 1960இல் நொபெல் பரிசும் பெற்றுத்தந்தது. உயிர் போனதும் உடலில் உள்ள காபன்-14 சிதைந்து, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. ஆர்க்டிக் கரைகளில் குளம் இல்லாத இடத்தில் திமிங்கில எலும்பையும் மிதந்து வந்த மரத்தையும் வைத்து இதைச் செய்கிறார்கள்.

சிப்பியை வைத்தும் செய்யலாம், கவனமாக. கடல்நீரில் பழைய காபன் கலந்திருப்பதால், பழைய மட்டி அதன் உண்மையான வயதைவிடச் சராசரியாக 400 ஆண்டு முதியதாகத் தெரியும். இன்னொரு சிக்கல் நமக்கு நன்றாகவே தெரிந்தது. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கடல் மணலை ஊருக்குள் கொண்டுவந்து போட்டன. நிலத்தில் சிப்பி கிடக்கிறது என்பதற்காக அங்கே கரை இருந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டு ஓடும் பிரியாமல், உயிரோடு புதைந்திருந்த நிலையிலேயே கிடைக்கும் மட்டிதான் நம்பத்தக்க சாட்சி.

[காட்சி: திருக்கோவில் கடற்கரை]

நம் பக்கத்தில் பனி இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் பனி நம்மை விட்டுவைக்கவில்லை. அது உச்சத்தில் இருந்தபோது உலகின் கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. உருகி முடிந்து, ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன், இலங்கையைச் சுற்றிக் கடல் இன்றைவிடச் சற்று உயரமாக நின்றது. தென்கரையில் உள்ள பழைய பவளத் திட்டுகளும் சிப்பிப் படிவுகளும் இதற்குச் சான்று. பிறகு ஏன் இறங்கியது? பனியின் பாரத்தில் பக்கவாட்டில் விலகிய பாறையால், பனி இருந்த இடங்களைச் சுற்றிப் புடைத்திருந்த கடலடி மெல்லத் தாழ்ந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப வெப்பமண்டலக் கடல்களிலிருந்து நீர் போனது. சுவீடனில் தரை எழும்பிய அதே கணக்கில் இங்கே கடல் கொஞ்சம் பின்வாங்கியது.

வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள எழுவான்கரை மாதிரியான மணல் நிலத்துக்கு ஒளியை வைத்து வயது பார்க்கும் முறை பொருத்தமானது. குவாட்ஸ் மணல் புதைந்த நாளிலிருந்து சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கம் தரும் ஆற்றலைச் சேமித்து வைக்கும். வெயில் பட்டால் சேமிப்பு அழிந்துவிடும். ஆய்வுகூடத்தில் அந்தச் சேமிப்பை ஒளியாக வெளியே வரவைத்து அளக்கிறார்கள். அதனால் மணலைக் கையால் அள்ளவே கூடாது. குழியின் சுவரில் ஒளி புகாத குழாயை அடித்து இறக்கி, இரண்டு முனையையும் உடனே மூடிவிட வேண்டும்.

கிணறு வெட்டும்போது ஓடு பிரியாத மட்டி கிடைத்தால் கழுவாதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள், ஆழத்தைக் குறித்து வையுங்கள். அப்புறம் கிணற்றடித் தரை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் மட்டியின் வயது மட்டும் தெரிந்தால், கடல் எங்கே நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.