மாவளிக்கு யார் குழி வெட்டுவது?

வணக்கம் நேயர்களே. அண்ணாமலையார் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிராமத்தில் பிறந்தவன் நான். கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2668 அடி உயரத்து உச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் எங்கள் வாசல்களில் அகல் ஏறும். அகல் ஏறியதும் நாங்கள் நான்கு பேர் ஏரிக்கரைக்கு ஓடிவிடுவோம், மாவளி சுற்ற. எங்கள் பக்கத்துப் பேச்சில் அது ‘கார்த்தி சுத்துறது’.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண் பனையின் காய்ந்த பூவைக் குழியில் போட்டுக் கொளுத்த வேண்டும். அது கனன்று சிவக்கும்போது பச்சைத் தழையும் மண்ணும் போட்டு மூடிவிட வேண்டும். சீக்கிரம் மூடினால் பூ வேகாது, தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். மறுநாள் எடுத்த கரியை மாவாக இடித்து, பழைய வேட்டித் துணியில் இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைக் கீற்று மூன்றுக்கு நடுவே வைத்துக் கட்டிக் கயிறு பிணைத்தால் மாவளி தயார். நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேலே சுற்றினால், ஆளைச் சுற்றிலும் பொன் பொறியாகக் கொட்டும். துணி மட்டும் அசல் பருத்தியாக இருக்க வேண்டும். கலப்புத் துணி என்றால் உருகி ஒட்டிக்கொள்ளும். இப்போது பருத்தி வேட்டி தேடுவதே ஒரு வேலை!

வளர்ந்தபின் மூன்று பேர் சென்னை, ஓசூர், கோவை என்று போய்விட்டோம். ஒருவன் மட்டும் ஊரில் பயிர் வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். தீபம் ஒவ்வொரு வருடமும் வேறு கிழமையில் வரும். 2022-இல் செவ்வாய்க்கிழமை. எங்களில் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. அவன் தனியாகச் சுற்றி வீடியோ அனுப்பினான். நாங்கள் ஆளுக்கொரு இதயப் படம் போட்டோம்.

அடுத்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. “எல்லாரும் வரோம்டா” என்று போன் செய்தேன். “வாங்க. ஆனா இந்த வாட்டி குழிய நீங்களே வெட்டுங்க” என்றான். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் பூ பொறுக்கியது, கரி எடுத்தது, மட்டை சீவியது எல்லாம் அவன். நாங்கள் வந்து சுற்றிவிட்டு, பழைய நாளை நினைத்து நெகிழ்ந்துவிட்டுப் பஸ் ஏறுவோம். நெகிழ்ச்சி எங்கள் பங்கு, புகை அவன் பங்கு. வெளியூர்க்காரர்களின் பாசத்தில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

சரி என்று வெள்ளிக்கிழமை இரவே போனோம். பூ பொறுக்கினோம். கரையில் ஆண் பனை குறைந்துபோயிருந்தது. நுங்கு காய்க்காத மரம்தானே என்று முதலில் வெட்டுவது அதைத்தான். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு சொன்னது 2021-இல். பேச்சு சுவாரசியத்தில் குழியை மூடத் தாமதித்தோம். காலையில் திறந்தால் முழுக்கச் சாம்பல். அவன் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தானே தவிர, வாய் திறக்கவில்லை. அந்த வருடம் எங்கள் கரையில் பொறி பறக்கவில்லை.

2024-இல் புரட்டாசியிலேயே ஒரு சனிக்கிழமை போய்விட்டோம். நாங்கள் வெட்டினோம், கொளுத்தினோம். “இப்ப மூடு” என்ற ஒரு சொல் மட்டும் அவனுடையது. இடித்த கரியை பிஸ்கட் டின்னில் அடைத்துப் பரணில் ஏற்றினோம். அப்புறம் ஃபெஞ்சல் புயல் வந்தது. டிசம்பர் முதல் தேதி மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர் போனது. 13-ஆம் தேதி தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. எங்கள் குழியில் முழங்கால் அளவு தண்ணீர்.

டின்னைத் திறந்தோம். கரி காய்ந்தே இருந்தது. முதல் மாவளியை அவன் கையில் கொடுத்தோம்.

“நீங்க சுத்துங்கடா, நான் பாக்கறேன்” என்று கரையில் உட்கார்ந்துகொண்டான்.