நரம்பு இல்லை, நாண்

நேயர்களுக்கு வணக்கம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களில் பலருடைய மடியில் இந்நேரம் பீடித் தட்டு இருக்கும். ஒரு நிமிடம் கத்தரியைக் கீழே வையுங்கள். இடக்கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலக்கை விரல்களை மட்டும் மடக்கி நீட்டுங்கள். பிடிக்குள் சதை புரள்கிறதா?

விரலை வலுவாக மடக்குகிற தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து கயிறு போல மணிக்கட்டைக் கடந்து ஓடி விரல் எலும்பை இழுப்பதுதான் தசைநாண். மணிக்கட்டின் உட்பக்கத்துக் குறுகிய வழியில் மட்டும் 9 நாண்கள் போகின்றன. கூடவே ஒரு நரம்பும் போகிறது.

நாம் இரண்டையும் நரம்பு என்றே சொல்கிறோம். யாழில் கட்டிய தந்தியையும் நரம்பு என்றவர்கள்தானே நாம், சொல்லில் குற்றமில்லை. ஆனால் உடம்பில் நரம்பு சேதி கொண்டுபோவது, நாண் இழுப்பது. இயன்முறை மருத்துவராக 20 ஆண்டுகளாக இதையே சொல்லிவருகிறேன். நரம்பு என்று நினைப்பவர் சத்து மாத்திரையை விழுங்கிவிட்டு, அதே வேலையை அதே வேகத்தில் செய்கிறார்.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். பேத்தி கல்யாணச் செலவுக்காக இரவிலும் உட்கார்ந்து பீடி சுற்றியிருக்கிறார்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டு ஓரத்தில் வலி. “நரம்பு பிசகிவிட்டது ஐயா, உருவிவிடுங்கள்” என்றார்கள். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னேன். பாதிகூடச் சாயவில்லை, கண் கலங்கிவிட்டது. கட்டைவிரலின் இரண்டு நாண்கள் ஓடுகிற உறை தடித்து அவற்றை இறுக்கியிருந்தது. உருவினால் இன்னும் வலிக்கும். வேலையை விட்டுவிடும்படி முன்பே யாரோ சொன்னார்களாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் எப்படி விடுவார்? சில வாரம் கட்டைவிரல் அசையாதபடி பட்டை போட்டோம். இலை வெட்டுவதை மருமகள் எடுத்துக்கொண்டார். பிறகு நாளைக்கு 200 பீடி, அடுத்த வாரம் 300 என்று ஏற்றினோம். மூன்று மாதம் ஆயிற்று.

ஏன் அவ்வளவு நாள்? தசையைவிட நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது ஆற வாரங்கள், மாதங்கள் வேண்டும். அதற்காகக் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டே இருந்தாலும் நாண் நலிந்துபோகும். திடீர்ச் சுமையும் ஆகாது, முழு ஓய்வும் ஆகாது. மெல்ல மெல்ல ஏற்றுகிற சுமையில்தான் அது உரம் பெறும்.

அல்வா கிண்டுகிறவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும். முன்கையை மேசைமேல் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்க, புறங்கை மேலே இருக்கும்படி அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மேலே தூக்க இடக்கை உதவட்டும். இறக்குவதை வலக்கையே தனியாக, மெதுவாகச் செய்யட்டும். லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் வலி கூடினால் பாட்டிலில் தண்ணீரைக் குறையுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் மடங்கி மாட்டிக்கொள்வது அதிகம். சர்க்கரையையும் கவனியுங்கள்.

தோளைப் பற்றி எடுத்து வைத்திருந்தேன், நேரம் விடவில்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அரிவாளோ கண்ணாடியோ கையில் வெட்டி, விரல் மடங்கவில்லை அல்லது நீளவில்லை என்றால், காயம் சிறிதானாலும் நாண் அறுந்திருக்கலாம். மஞ்சளை அப்பிக்கொண்டு காத்திருக்காதீர்கள். சுத்தத் துணியால் அழுத்திக் கட்டி அன்றைக்கே அறுவை சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வணக்கம்.